கல் போட ஆள் தேவை

காலை ஏழு மணி, வர வேண்டியவர்கள் ஒன்பது பேர், வந்து நிற்பது பழனியம்மா மட்டும்: தரைக்குச் சிமென்ட் கல் பதிக்கும் தொழிலைப் பற்றி இதற்கு மேல் சுருக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியாது. கல் கிடைக்கும், மணல் கிடைக்கும், வேலை கொடுக்கிறவர்கள்கூடக் கிடைப்பார்கள். ஆள்தான் கிடைக்கமாட்டார். கிடைத்தால் நிற்கமாட்டார்.

மைசூரிலிருந்து ஸ்ரீரங்கப்பட்டணம் போகும் சாலையோரம் எனக்கு ஒரு சின்ன யார்டு இருக்கிறது. வீட்டு வாசல், கார் நிறுத்துமிடம், பள்ளிக்கூட முற்றம், கோயில் பிராகாரம் என்று எங்கே கேட்டாலும் பேவர் பிளாக் பதித்துக் கொடுப்போம். இதற்கு முன் பதினான்கு ஆண்டுகள் ஒரு நாளிதழில் இருந்தேன். அங்கே செய்தி குறைந்தால் விளம்பரம் போட்டுப் பக்கத்தை நிரப்பிவிடலாம். இங்கே ஆள் குறைந்தால் எதைப் போட்டும் நிரப்ப முடியாது. ஓட்டலுக்குச் சமையல்காரரைத் தேடுகிறவர்கள், லாரிக்கு டிரைவர் தேடுகிறவர்கள், தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்ச ஆள் தேடுகிறவர்கள் எல்லாருக்கும் இந்த வலி தெரியும். ஆறுதல் சொல்ல எனக்கு வராது. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

போர்டு வைத்தேன்

முதல் வருடம் கேட்டில் ஒரு போர்டு மாட்டினேன். ‘கல் போட ஆள் தேவை’ என்று மேலே கன்னடத்தில், கீழே தமிழில். முதல் வாரம் மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் எனக்கு இன்சூரன்ஸ் எடுத்துத் தர வந்தவர். இன்னொருவர் பட்டதாரி, சூப்பர்வைசர் வேலை இருக்கிறதா என்றார். மேற்பார்வை பார்க்க அப்போது என்னைத் தவிர அங்கே யாரும் இல்லை. மூன்றாமவர் போர்டு எழுதுகிறவர். எழுத்து சரியில்லை, அவரே மாற்றி எழுதித் தருவதாகச் சொன்னார்.

இரண்டாம் வாரம் ராஜு வந்தார். தேவராஜ மொஹல்லாவில் மார்க்கெட் மூட்டை தூக்குகிறவர். தோள் இரண்டும் பலகை மாதிரி இருக்கும். வந்த அன்று காலையில் ஒரு லாரிக் கல்லைத் தனியாக இறக்கிவிட்டார். எனக்கு ஒரே மகிழ்ச்சி. மதியம் ரப்பர் சுத்தியலைக் கொடுத்து, கட்டியிருந்த நூலைக் காட்டி, இந்த நூலை ஒட்டிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒவ்வொரு கல்லாகத் தட்டி வையுங்கள் என்றேன். மூன்று மணிக்கு எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். என்ன அண்ணா என்றேன்.

“மூட்டைன்னா எறக்கி வெச்சா முடிஞ்சு போச்சு. இது எறக்கி வெச்ச அப்பறந்தான் வேலையே ஸ்டார்ட் ஆகுது. நமக்கு இது பேடா, வேண்டாம் ஸ்வாமி.”

இரண்டு பேர், ஒரு ஆள்

மூன்றாவது மாதம் குப்புசாமி வந்தார். ஹனூர்ப் பக்கத்துக்காரர். கூடவே மனைவி பழனியம்மா, ஒரு பெண் குழந்தை, ஒரு ஸ்டவ். பெங்களூரில் கல் போட்ட பழக்கம் உண்டு என்றார். யார்டுக்குள்ளேயே பத்துக்குப் பத்து இடத்தில் போட்டுக் காட்டச் சொன்னேன். பழனியம்மா எடுத்துக் கொடுத்தார், குப்புசாமி போட்டார். மேலே மட்டக்கோலை வைத்தால் அடியில் வெளிச்சம் தெரியவில்லை. அப்போதே எடுத்துக்கொண்டேன். ஒரே ஒரு நிபந்தனை சொன்னார்: “நாங்க ரெண்டு பேருஞ் சேந்துதானுங்க ஒரு ஆளு. பிரிச்சுப் போடாதீங்க.” புருஷன் பெண்டாட்டி விஷயம் என்று எடுத்துக்கொண்டு சிரித்துவிட்டு வருகைப் புத்தகத்தில் எழுதினேன்: குப்புசாமி, கல் போடுபவர், பழனியம்மா, உதவியாள்.

அடுத்த ஆறு ஆண்டுகள் என் தொழில் குப்புசாமியின் கையில்தான் நின்றது. மற்றவர்கள் மண்ணை வெட்டுவார்கள், கல்லுக்கு அடியில் கிரஷர் தூளைப் பரப்புவார்கள், போட்ட கல்லை அதிர்த்து அமுக்க வைப்ரேட்டரை ஓட்டுவார்கள். அவர் போட்ட தரையைப் பார்த்துத்தான் அடுத்த வீட்டுக்காரர் என்னைக் கூப்பிடுவார். இந்த மனிதர் போய்விட்டால் கேட்டைப் பூட்டிவிட்டு மறுபடி செய்தி எழுதத்தான் போக வேண்டும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு வீட்டில் வேலை முடிந்து பத்து நாள் கழித்து அந்த வீட்டுக்காரர் போன் செய்தார். அவருடைய அம்மா சக்கர நாற்காலியில் இருப்பவர்.

“கேட்டிலேர்ந்து வீட்டு வாசல் வரைக்கும் அம்மாவைத் தள்ளிண்டு வந்தேன் சார். கையில காபி டம்ளர் வெச்சிருந்தா. ஒரு சொட்டு சிந்தல.”

ஈசானிய மூலை

கல் பதிக்கிற வேலையில் பாதி, தண்ணீர் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று முடிவு செய்வது. வாட்டம் என்போம். புது லேஅவுட் ஒன்றில் வீடு கட்டியிருந்த ஒருவர், மழைத்தண்ணீர் வடகிழக்கு மூலையில்தான் போக வேண்டும், வாஸ்து பார்த்தவர் சொல்லியிருக்கிறார் என்றார். சாக்கடையோ தெற்கே இருந்தது. வடகிழக்கில் இருந்தது பக்கத்து வீட்டு மதில். குப்புசாமி ஒரு குடம் தண்ணீரை வெறும் மண்ணில் ஊற்றிக் காட்டினார். அது தெற்கே ஓடியது. வீட்டுக்காரர் அந்தத் தண்ணீரைப் பார்க்கவே இல்லை.

குப்புசாமி சுத்தியலைப் பைக்குள் போட்டுக்கொண்டு புங்க மரத்தடியில் போய் உட்கார்ந்துவிட்டார். தப்பான வாட்டத்துக்கு அவர் கல் போடமாட்டார். அவர் பக்கம் பேசினால் வாடிக்கையாளர் போய்விடுவார். வாடிக்கையாளர் பக்கம் பேசினால் குப்புசாமி போய்விடுவார். உங்களில் பலர் அந்த மரத்துக்கும் அந்த வாசலுக்கும் நடுவில் நின்றிருப்பீர்கள். கடைசியில் பழனியம்மாதான் வழி சொன்னார்: “அவரு எழுதிக் குடுக்கட்டுங்க. நம்ம கையெழுத்து அதுல வேண்டாம்.” எழுதி வாங்கினேன். ஈசானியத்துக்கே வாட்டம் கொடுத்தோம். முதல் மழையில் தண்ணீர் மதிலில் முட்டித் திரும்பி வந்து கார் ஷெட்டில் நின்றது. வீட்டுக்காரர் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். கோபம் இல்லை, வருத்தம்தான்.

“வாஸ்துல ஒண்ணும் தப்பில்ல சார். மழைதான் அந்தப் பக்கம் போகமாட்டேங்குது.”

பாலாறு வரைக்கும்

சிவராத்திரி வந்தால் என் ஆட்கள் மாதேஸ்வரன் மலைக்கு நடந்து போவார்கள். நான்கு நாள் லீவு. நான்கு நாளில் திரும்பி வந்ததாக வரலாறு இல்லை. ஒரு வருடம் பன்னிரண்டாம் நாளும் யாரும் வராததால் மினி வேனை எடுத்துக்கொண்டு ஹனூருக்கே போனேன். குப்புசாமி வீடு பூட்டியிருந்தது. மேட்டூர்ப் பக்கமிருந்து தங்கச்சி வருகிறாள், கூட்டிவரப் பாலாறு போயிருக்கிறார்கள் என்றார் பக்கத்து வீட்டம்மா.

மலையேறி இறங்கி, காட்டு வழியாகப் பாலாறு சோதனைச் சாவடிக்குப் போய்ச் சேர்ந்தேன். இரு மாநிலத்துக்கும் நடுவில், சாலையோரத்து மதகின் மேல் உட்கார்ந்து குடும்பமே வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் குப்புசாமி எழுந்துகொள்ளவில்லை; நகர்ந்து இடம் விட்டார். நானும் உட்கார்ந்து கடலை உரித்தேன். தங்கச்சி வந்த பிறகு எல்லாரையும் ஏற்றிக்கொண்டு ஊருக்குப் போய், மறுநாள் காலை மைசூருக்குக் கூட்டிவந்தேன். அதற்கு முன், எல்லாரும் ஏறிக் கிளம்பும்போது, சாவடியில் இருந்த காவலர் வண்டியை நிறுத்தி, காட்டுக்குள் என்ன வேலை என்று விசாரித்தார். கல் போட ஆள் தேடி வந்தேன் என்றேன். வேனுக்குள் எட்டிப் பார்த்தார்.

“ஆள் சிக்கிட்டாரா? அப்ப ஒரு நாளைக்கு எனக்கும் அனுப்புங்க சார். மழை வந்தா நம்ம கேட்டு முன்னாடி ஒரே சேறு.”

தக்காளி பொறுக்குகிறவர்

போன வருடம் குவெம்பு நகரில் ஒரு வீட்டு வாசல். வீட்டுக்காரர் வங்கியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்ற தமிழர். மைசூரிலேயே பிறந்து வளர்ந்தவர். நாற்காலி போட்டு, மடியில் பேப்பரை வைத்துக்கொண்டு, பேப்பரைப் படிக்காமல் வேலையையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாம் நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “கல் போடறவர் கை நல்லாத்தான் ஓடுது. அந்தம்மா பாருங்க, ஒவ்வொரு கல்லா எடுத்துத் திருப்பி, கீழே வெச்சு, வேற ஒண்ணு எடுத்து... தக்காளி பொறுக்கற மாதிரி பொறுக்கறாங்க. எல்லாம் ஒரே ஃபேக்டரிக் கல்தானே?”

நானும் பார்த்தேன். அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது. பழனியம்மாவை அங்கிருந்து எடுத்து, போட்ட கல்லின் இடுக்குகளில் மணல் கூட்டித் தள்ளும் வேலைக்கு மாற்றினேன். கல் எடுத்துக் கொடுக்க வேகமான கை உள்ள இருவரை விட்டேன். குப்புசாமி தலை நிமிர்ந்து, “சார், மொதல்லயே சொன்னேனுங்களே” என்றார். ரெண்டு நாளைக்குத்தானே என்றேன். பழனியம்மா துடைப்பத்தை எடுத்துக்கொண்டார். வேலை ஒரு நாள் முன்னதாகவே முடிந்தது. நல்ல நிர்வாகம் என்று என்னையே மெச்சிக்கொண்டேன். நான்காம் நாள் காலையில் மேனேஜர் போன் செய்தார்.

“பேகா, சீக்கிரமாவே முடிச்சிட்டீங்க சார், சந்தோஷம். ஸ்வல்ப வந்து பாத்துட்டுப் போங்க. பால்காரர் ரெண்டு தடவை தடுக்கி விழுந்துட்டார்.”

திங்கட்கிழமை காலை

போய்ப் பார்த்தேன். ஒரு கல் ஏறி, ஒரு கல் இறங்கி, செருப்பு நுனி எங்கே வைத்தாலும் தட்டியது. யார்டுக்குத் திரும்பி எல்லார் முன்னாலும் குப்புசாமியைக் கேட்டேன்: ஆறு வருஷமா போட்ட கை இதுதானா? அவர் சுத்தியலைப் பைக்குள் போட்டுக்கொண்டார். கேட்டிருக்கக் கூடாது, தனியாகக்கூட. ஒரு பெரிய காண்ட்ராக்ட் கம்பெனி அவரைக் கொஞ்ச நாளாகவே கூப்பிட்டுக்கொண்டிருந்தது. ஹெல்மெட், மஞ்சள் சட்டை, போகவர பஸ், பி.எஃப். எல்லாம் உண்டு. என்னிடம் வைப்ரேட்டர் ஒன்று, அதுவும் இரண்டு தடவை இழுத்தால்தான் ஸ்டார்ட் ஆகும். திங்கட்கிழமை அவர் அந்த பஸ்ஸில் ஏறிவிட்டார். அவரோடு இன்னும் ஐந்து பேர் ஏறினார்கள். மிச்சம் இருந்த இருவர், யார்டு திறக்குமா என்று பார்த்துவிட்டு வரலாம் என வீட்டிலேயே இருந்துவிட்டார்கள்.

அந்த ஏழு மணிதான் இது. ஒன்பது பேருக்குப் பழனியம்மா ஒருவர். அந்தக் கம்பெனியில் பெண்களை எடுப்பதில்லை என்று எனக்குத் தெரியும். அதற்காக என்னிடம் வர வேண்டும் என்று இல்லையே. கணவரைத் திட்டியவன் முகத்தில் விழிக்காமல் வேறு இடம் பார்த்திருக்கலாம். ஏம்மா வந்தீங்க என்றே கேட்டுவிட்டேன்.

“அந்த பேங்க் சாரு வாசலப் பிரிச்சுப் போட வேண்டாங்களா? பால்காரரு தெனமும் வர்றாருல்லங்க.”

நாகராஜின் கை

கல் போட ஆள் வேண்டுமே. சும்மா இருந்தவர் நாகராஜ் ஒருவர்தான். ஐம்பது வயது, மைசூரில் பிறந்த தமிழர், தமிழைவிடக் கன்னடம் நன்றாக வரும். அவரை இரண்டு தடவை வேலைக்கு வைத்து இரண்டு தடவையும் அனுப்பியிருக்கிறேன். அவர் போட்ட தரையில் நடந்தால் பரிசலில் போவது போலிருக்கும். வேறு வழியில்லாமல் அவரையும் பழனியம்மாவையும் குவெம்பு நகரில் இறக்கிவிட்டேன். இது முடிந்ததும் யார்டை யாருக்கு விற்பது என்று யோசித்தபடி காவேரிப் பாலம் வரை போய்விட்டு வந்தேன்.

மதியம் திரும்பியபோது பாதி வாசல் முடிந்திருந்தது. மேனேஜர் நாற்காலியை விட்டு எழுந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மட்டக்கோலை வைத்தேன். அடியில் என் விசிட்டிங் கார்டை நுழைக்கப் பார்த்தேன், நுழையவில்லை. நான்கு இடத்தில் வைத்துப் பார்த்தேன். நாகராஜ் கூடவே குனிந்து பார்த்துவிட்டுத் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

“நிஜவாகலு சார், என் கை இந்த மாதிரின்னு எனக்கே கொத்து இல்ல, தெரியாது. அந்தக்கா எடுத்துக் கொடுத்ததை அப்படியே வெச்சேன். அஷ்டே, அவ்வளவுதான்.”

மூன்று குவியல்

அப்போதுதான் முதன்முறையாகப் பழனியம்மாவைப் பார்த்தேன். அவரைச் சுற்றிக் கல் மூன்று குவியலாக இருந்தது. எதற்கு என்று கேட்டேன். கல் வார்க்கிற அச்சு நாளாக ஆகத் தேய்ந்துபோகுமாம். புது அச்சுக் கல் ஒரு கனம், பழைய அச்சுக் கல் வேறு கனம். கண்ணுக்குத் தெரியாது; ஒரு கல்லுக்கும் இன்னொரு கல்லுக்கும் தீக்குச்சி அளவு வித்தியாசம் இருக்கும். ஆனால் தடிமனான கல்லையும் மெலிந்த கல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வைப்ரேட்டர் எவ்வளவு ஓட்டினாலும் காலில் தட்டும். பழனியம்மா ஒவ்வொன்றையும் உள்ளங்கையில் வாங்கி, கட்டைவிரலால் ஓரத்தைத் தடவி, எந்தக் குவியல் என்று முடிவு செய்வார். ஒரு வரிசைக்கு ஒரு குவியலிலிருந்துதான் கொடுப்பார். தடிமனான கல்லுக்கு அடியில் எவ்வளவு தூளை வழிக்க வேண்டும் என்பதையும் கல் போடுகிறவருக்கு அவர்தான் சொல்வார்.

மட்டம் குப்புசாமியின் கையில் பாதிதான் இருந்தது. மறு பாதியைத்தான் நான் துடைப்பம் கொடுத்து மணல் கூட்ட அனுப்பியிருந்தேன். கேள்வி கேட்பதற்கென்றே பதினான்கு ஆண்டு சம்பளம் வாங்கியவன் நான். ஏம்மா, இத்தனை நாள் இதை ஏன் சொல்லவில்லை என்றேன். அவர் ஒரு கல்லை எடுத்துத் தடவி, வலது பக்கக் குவியலில் வைத்தார்.

“சொல்லலாம்னுதானுங்க இருந்தேன். நீங்க கேட்டாச் சொல்லலாம்னு இருந்துட்டேன்.”

மஞ்சள் சட்டை

அன்றே வருகைப் புத்தகத்தில் ‘உதவியாள்’ என்பதை அடித்து ‘மேஸ்திரி’ என்று எழுதினேன். கூலியும் கல் போடுகிறவருக்கு உள்ளதே. வீட்டில் இருந்த இருவரும் மறுவாரம் வந்தார்கள். மஞ்சள் சட்டை பிடிக்காமல் நான்கு பேர் திரும்பினார்கள். ஒன்றரை மாதம் கழித்து ஒரு காலை குப்புசாமி கேட்டுக்கு வெளியே வந்து நின்றார், சட்டையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு. உள்ளே கூப்பிட்டேன். அங்கே அவர் போட்ட தரையை மூன்று தடவை பெயர்க்கச் சொல்லிவிட்டார்களாம். அதைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பிலும் போட்டார்களாம். “எங்க வூட்டுக்காரியும் வேணும், கையில பாதி அவகிட்ட இருக்குதுன்னு சொன்னேனுங்க. சிரிச்சாங்க” என்றார். நான் ஆறு வருடம் முன்பே சிரித்துவிட்டவன். உங்களை அப்படிக் கேட்டது தப்பு என்று மட்டும் சொன்னேன். அதை எல்லார் முன்னாலும் சொன்னேன், கேட்டதும் எல்லார் முன்னாலும்தானே.

ஆனால் ஆள் எடுப்பது இப்போது மேஸ்திரி கையில். ஒரே வீட்டில் இருக்கிறார்கள், ஒரே சட்டியில் சாப்பிடுகிறார்கள். இருந்தாலும் குப்புசாமி வேலையை வீட்டில் கேட்கவில்லை, யார்டில் வந்துதான் கேட்டார். பழனியம்மா கல் பிரித்துக்கொண்டிருந்தார். போய்ச் சொன்னேன். “வூட்டுக்கு வர யாரையும் கேக்க வேண்டாங்க. வேலைக்குன்னா, நாகராஜண்ணனுக்கு அந்தப் பக்கம் உக்காந்து குடுக்கற கல்லப் போடச் சொல்லுங்க” என்றார். குப்புசாமி மஞ்சள் சட்டையை இரண்டாக மடித்துத் தரையில் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். சுத்தியலை எடுத்தபடி என்னைப் பார்த்துச் சிரித்தார். “ரெண்டு பேருஞ் சேந்து ஒரு ஆளுன்னு மொத நாளே சொன்னேனுங்களே சார்.” பழனியம்மா தலையைத் தூக்கவில்லை.

“இப்ப ரெண்டு ஆளுங்க.”

* * *

நல்ல ஆளைத் தேடிப் பாலாறு வரைக்கும் வேன் ஓட்டிய எனக்கு, அந்த நல்ல ஆள் திரும்பி வரும்போது அதே வேனின் பின்சீட்டில்தான் இருந்தார் என்பதைக் கண்டுபிடிக்க ஆறு வருடமும் ஒரு பால்காரரும் தேவைப்பட்டார்கள்.

போன ஆயுத பூஜை அன்று வைப்ரேட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்தவர் பழனியம்மா. காலை ஏழு மணிக்கு யார்டில் ஒன்பது பேர் இருந்தார்கள்.